சத்தம் போடுகிற ஃபேன்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேரும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீ ஒருவன் அப்படி இருக்கிறாயா என்பதை முதலில் எழுது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு இது பதில். உன் கம்ப்யூட்டருக்குள் சூட்டைத் தணிக்கும் ஃபேன் வயதாகி நின்று இன்றோடு பதினோரு நாள். சுவிட்சைப் போட்டால் இரண்டு நிமிடம் உயிர் வந்து, சூடேறி, தானாக அணைந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக மாட்ட நீ சொன்ன இரண்டு வகைக் கூலரையும் யோசித்துப் பார்த்தேன். பெரிய ஃபேன் வைத்தது பதினாறு சென்டிமீட்டர் உயரம் என்றாய். பெட்டியைத் திறந்து டேப் வைத்து அளந்தேன், பதினைந்தரைதான் இருக்கிறது. மூடியைத் திறந்தே வைக்கலாம் என்கிறாள் உன் தங்கை, அப்புறம் பல்லி குடித்தனம் வரும். இன்னொன்று தண்ணீர் ஓடுகிற கூலர். கரண்ட் ஓடும் பெட்டிக்குள் தண்ணீரையும் ஓட விடலாம் என்று முதலில் நினைத்தவன் தைரியசாலிதான். எங்கள் கிடங்கில் கூரை ஒழுகி நாற்பது பெட்டி சாமான் வீணானதைச் சேதப் பதிவேட்டில் என் கையால் எழுதியவன் நான். இருந்தாலும் அம்மாவுக்காக அதற்கும் சம்மதிக்கிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, இதுவரை அப்பா சொல்ல நான் எழுதியது, இனி நானாக எழுதுவது. அப்பாவைத்தான் தெரியுமே, தாள் தீர்ந்துவிடும் என்று கடிதத்தின் முடிவை முதலில் சொல்லி எழுதவைத்துக் கையெழுத்தும் போட்டுவிடுவார், அப்புறம்தான் ஆரம்பம். இன்று நடுவில் நிறைய இடம் மிஞ்சிவிட்டது. வீட்டுச் செய்தி ஏதாவது எழுதி நிரப்பு என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார், நிரப்புகிறேன். போனில் சொல்ல முடியாது, ஸ்பீக்கரைப் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். மேசை விளக்கைத் துண்டால் மூடியிருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

அந்த ஃபேன் வயதாகி நிற்கவில்லை. நான்தான் நிறுத்தினேன். மறுநாள் அறிவியல் தேர்வு, உன் அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன், அது காதுக்குள் இரைந்துகொண்டே இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்தால் அம்மா வந்து திரும்பப் போட்டுவிடுவாள். பழைய கேள்வித்தாளின் மூலையைக் கிழித்து, நான்காக மடித்து, மூடியைத் திறந்து ஃபேனில் செருகினேன். ஐந்து நிமிடத்துக்குத்தான் செருகினேன், அப்படியே தூங்கிவிட்டேன். காலையில் எடுத்தபோது லேசாகக் கருகிய வாசனை, ஃபேன் சுற்றவில்லை. நான் படித்துக்கொண்டிருந்த பாடம் வெப்பம். அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் அடிக்கமாட்டார், எப்படி, எத்தனை மணிக்கு, யார் கையால் என்று கிடங்கில் கேட்கிற மாதிரி வரிசையாகக் கேட்பார். அதற்கு அடியே மேல்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. நீ போனதிலிருந்து அம்மா தினமும் இரவு உன் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுத்தான் படுப்பாள். ஏன் என்று கேட்டால், ஓடாமல் கிடந்தால் கெட்டுப்போகும் என்று அவன்தான் சொன்னான் என்பாள். நீ வாரம் ஒரு தடவை என்றுதான் சொன்னாய், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஃபேன் நின்றதிலிருந்து அம்மா தூங்கவே இல்லை. பகலில் காய் நறுக்கும்போது அப்படியே கண் சொருகுகிறது. மூன்றாவது நாள் இரவு, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து இந்த அறைக்குள் வந்தாள். உன் நாற்காலியில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள். திரை வெளிச்சம் வந்தது, சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. இரண்டு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போதும்டா, அணைச்சிட்டுப் படு" என்றாள். நீ இருந்தபோது பக்கத்து அறையிலிருந்து கத்துவாளே அதேதான், கத்தல் மட்டும் இல்லை. கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. நீ ஒருநாளும் முதல் தடவை சொல்லி அணைத்ததில்லை. அம்மா எழுந்து, நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள்.

இன்று பள்ளி விட்டதும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். சத்தம் போடுகிற கூலர் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் இரண்டு தடவை கேட்கவைத்தார். இருக்கிற பெட்டிகளில் எல்லாம் சத்தமே கேட்காது என்றுதான் பெருமையாகப் போட்டிருக்கிறது. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதுமாம், தண்ணீர்க் கூலர் அதைவிட அமைதியாம், சின்ன ஃபேன்தான் வேகமாகச் சுற்ற வேண்டும், அதனால் இரையும், அதனால் யாரும் வாங்குவதில்லை என்றார். இழுப்பறையின் அடியில் அப்படி மூன்று கிடந்தன. ஒவ்வொன்றாக ஓடவிடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "என்னம்மா, கச்சேரிக்கு ஆள் எடுக்கிறியா" என்றார். மூன்றாவது ஃபேன் நம்முடையது மாதிரியே இரைகிறது, நடுவில் அந்தச் சின்ன டிக் கூட இருக்கிறது. ஏழு சென்டிமீட்டர்தான் உயரம், மூடி மூடும், பல்லிக்கு இடமில்லை. நம் கம்ப்யூட்டருக்குப் பொருந்தும் என்று பார்த்துச் சொன்னார். மாதக் கடைசி வரை எடுத்து வைத்திருப்பார்.

நான் சொன்னால் அப்பா கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். அதனால் தண்ணீர் வேண்டாம், கடையில் இருக்கிற சின்ன ஃபேனே போதும் என்று நீயாக முடிவு செய்த மாதிரி எழுது. காரணம் எழுதாதே. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டால் வெட்கப்பட்டு அப்புறம் சுவிட்சையே தொடமாட்டாள். காகிதம் செருகியதை நானே அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன், ஃபேன் மாட்டி அம்மா ஒரு நாள் தூங்கிய பிறகு. கருகிய துண்டு ஜாமெட்ரி பாக்ஸில் பத்திரமாக இருக்கிறது, அப்பா சாட்சி கேட்பார்.

பக்கத்து அறையில் கட்டில் சத்தம் கேட்கிறது, விளக்கை அணைக்கிறேன். உறையை நானே ஒட்டிவிடுவேன். கீழே இருப்பது அப்பா சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிக் கையெழுத்துப் போட்டது. பேனா எழுத்து, அழிக்க முடியாது. நீ என் பக்கத்தை நம்பு.

நீ போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும் என்று நானும் அம்மாவும் நினைக்காத நாள் இல்லை. எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இத்தனை மாதமாக அந்த இரைச்சலில் படுத்துப் படுத்து அம்மாவுக்குத் தூக்கமே கெட்டுப்போய்விட்டது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் துளிச் சத்தமும் வராததாகப் பார்த்துத் தேர்ந்தெடு.

இப்படிக்கு,
உன் அப்பா