முதல் பக்கத்தில் ஒரு போர்

ஏப்ரல் 7, திங்கள்

எங்கள் பத்திரிகை முதலாளி இன்று ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் சுயேச்சை இயக்குநர் ஆகிவிட்டார். செய்திப் பிரிவில் எல்லோருக்கும் கேக். சுயேச்சை இயக்குநர் என்றால், யாருக்கும் வேண்டியவராக இல்லாமல், கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று தட்டிக் கேட்பவராம். கம்பெனியின் சேர்மன் முதலாளி மனைவியின் அண்ணன். எங்களுக்கு அதிகம் விளம்பரம் தருவதும் அந்தக் கம்பெனிதான். இதைவிட வேண்டாத ஆள் எங்கே கிடைப்பார்?

படத்தை மூன்றாம் பக்கத்தில் போட்டேன். செய்தி ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தால் இதையும் செய்யத்தான் வேண்டும்.

ஏப்ரல் 8

படம் சின்னதாக வந்துவிட்டதாம்.

ஏப்ரல் 19, சனி

பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்கும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கும் கடைவீதியில் அடிதடி. வேனை எங்கே நிறுத்துவது என்று ஆரம்பித்த வாய்ச்சண்டை. மத்தியானத்துக்குள் கல், கட்டை, பெட்ரோல். ஒரு வரிசைக் கடைகள் எரிந்துவிட்டன. அக்காவின் தையல் கடையும் அதில் ஒன்று.

"எனக்கு ஒண்ணுமில்லடி. மெஷினெல்லாம் கருகிப் போச்சு. ஊரார் தைக்கக் குடுத்த துணி வேற..." போனில் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னாள். கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. முதலாளியின் கம்பெனியேதான்.

எங்கள் நிருபர் அங்கிருந்து பேசினார். "ரெண்டு பக்கமும் அடி வாங்கியிருக்காங்க மேடம். உயிர்ச்சேதம் இல்ல. யார் ஆரம்பிச்சாங்கன்னு மட்டும் இப்ப எழுத வேணாம், ஆளுக்கொரு கதை சொல்றாங்க." நல்ல பிள்ளை. "கடைவீதியில் மோதல், கடைகளுக்குத் தீ வைப்பு" என்று தலைப்புக் கொடுத்தேன்.

சாயங்காலம் முதலாளியே இறங்கி வந்து என் மேஜை அருகில் நின்றார். "மோதல்னா சப்புனு இருக்கும்மா. போர்னு போடு."

"கல்லும் கட்டையும்தான் சார்."

"மனசுக்குள்ள நடக்குறதும் போர்தானே?"

தலைப்பைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. மாற்ற முடியாது என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் பேப்பரைப் பிரித்தால், "நகரில் உள்நாட்டுப் போர்!" நான் வீட்டுக்குக் கிளம்பியபின் மாற்றியிருக்கிறார்கள். ஆச்சரியக்குறி வேறு.

நேற்றே அடங்கிவிட்ட சண்டை அது. இன்று பாலத்துக்கு அந்தப் பக்கம் பாதிப் பேர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் மொட்டை மாடியில் கல் அடுக்குகிறார்கள். ஒருவர் நிருபரின் சட்டையைப் பிடித்துக் கேட்டாராம்: "போர்னு நீங்கதானே போட்டீங்க? அப்ப நாங்க தயாரா இருக்க வேணாமா?"

மத்தியானம் மறுபடி அடிதடி. விலக்கிவிடப் போன பள்ளிக்கூட வாத்தியாருக்கு மண்டை உடைந்துவிட்டது. இதற்கு யார் பொறுப்பு? ஆச்சரியக்குறியா?

மே 6, செவ்வாய்

அக்கா இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய்விட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கலவரத்துல எரிஞ்சா பணம் உண்டாம். போர்ல எரிஞ்சா கிடையாதாம். இது கலவரம்தானேன்னு கேட்டா, உங்க பேப்பரத்தாண்டி எடுத்துக் காட்டுறான்."

அந்த வரிசையில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் இதே பதில்.

ஓ, இதுதான் சங்கதியா. மனசுக்குள்ள நடக்குற போராம்ல. வெக்கமா இல்ல இந்த ஆளுக்கு?

மே 7

முதலாளியின் அறைக்கே போய்க் கேட்டேன். "அங்க இயக்குநரும் நீங்க, இங்க தலைப்பு மாத்துறதும் நீங்க. இது நலமுரண் இல்லையா சார்?"

"முரண் எங்கம்மா இருக்கு? அவங்க நலனும் என் நலனும் ஒண்ணுதானே."

கிண்டலாகச் சொல்லவில்லை. மனிதருக்கு நிஜமாகவே புரியவில்லை.

மே 8

எழுதலாமா? எழுதினால் அக்காவுக்காக எழுதினாள் என்பார்கள். அது பொய்யும் இல்லையே. அவர் மச்சானுக்காக, நான் அக்காவுக்காக — என்ன பெரிய வித்தியாசம்?

வாத்தியார் எனக்கு யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டுப்போட்ட தலை கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

வித்தியாசம் இருக்கிறது. அவர் மறைத்தார். நான் சொல்லிவிட்டே எழுதலாம்.

மே 9, வெள்ளி

எங்கள் பத்திரிகையில் "திருத்தம்" என்று ஒரு மூலை உண்டு. மரண அறிவிப்பில் பெயர் தப்பாகிப்போனால் வருந்துவதற்கான இடம். முதலாளி அதைப் படித்ததே கிடையாது. நானே தட்டச்சு செய்து, பக்கம் அச்சுக்குப் போகும்வரை நகராமல் நின்றேன்.

"ஏப்ரல் 20 தலைப்பில் 'உள்நாட்டுப் போர்' என்று வெளியானது தவறு. நடந்தது இரு பகுதியினருக்கு இடையே மூண்ட கலவரம். இப்பத்திரிகையின் உரிமையாளர், எரிந்த கடைகளைக் காப்பீடு செய்த நிறுவனத்தின் இயக்குநர். இதை எழுதியவரின் அக்கா கடையும் எரிந்தது. வருந்துகிறோம்."

மே 10

படித்துவிட்டார்.

மே 12, திங்கள்

இன்று முதல் எனக்கு வானிலைப் பக்கம். வேலையை விட்டுத் தூக்கவில்லையே என்று நிருபருக்கு ஆச்சரியம். தூக்கினால் ஏன் என்று வெளியே சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தான். கடைக்காரர்கள் அந்த மூலையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீஸ் கவுன்டரில் வரிசை கட்டி நிற்கிறார்களாம்.

ஜூன் 17, செவ்வாய்

இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையம் விளக்கம் கேட்டுவிட்டது. உடனே இயக்குநர் குழு கூடி, நடந்தது கலவரமே என்று ஒருமனதாகக் கண்டுபிடித்திருக்கிறது. எல்லாக் கடைக்கும் இழப்பீடு உண்டு.

முதலாளி "உடல்நலம் கருதி" விலகிவிட்டார். நேற்றுகூட மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். காலியான இடத்தில், பெண்களுக்கு வாய்ப்பளிக்கும் உயர்ந்த நோக்கத்தோடு, புதிய சுயேச்சை இயக்குநரை நியமித்துவிட்டார்கள். முதலாளியின் மனைவி. சேர்மனுக்குத் தங்கை.

ஜூலை 9, புதன்

நாளை பரவலாக மழை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். வாத்தியார் தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாராம். மறுபடி திறந்த அவள் கடைக்குப் பாலத்தைத் தாண்டி வருகிறவர்கள் இன்னும் குறைவுதான், வந்தாலும் பேச்சு இல்லை, துணியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்களாம்.

"உனக்கு அந்த வேலை ஒத்து வருதாடி? மறுபடி பழைய எடத்துக்குக் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். அந்தப் பக்கம் கடகடவென்று புது மெஷின் ஓட ஆரம்பித்தது.

"சத்தமாப் பேசுடி, ஒண்ணும் கேக்கல."