தோற்றவள் ரொட்டி சுட வேண்டும்

மாமி,

நாவுலயிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ்ஸில் இன்று பக்கத்தில் இருந்த பெண் கராம்பு மென்றுகொண்டிருந்தார். அந்த வாசம் வந்ததும் மடியில் விரித்திருந்த கட்டட வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன். கணக்குப் போட உட்காரும்போதெல்லாம் நீங்களும் கடைவாயில் ஒரு கராம்பை ஒதுக்கிக்கொள்வீர்கள். உங்களை நல்லடக்கம் செய்த பிறகு ஒரு நோன்பும் பெருநாளும் வந்து போய்விட்டன. உங்களிடம் சொல்ல வேண்டியவை மட்டும் சேர்ந்துகொண்டே போகின்றன.

ஆரம்பத்தில் நீங்கள் என் பக்கம் இருக்கவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை, நீங்களே அதைச் சொல்லிச் சிரிப்பீர்கள். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு கல், எவ்வளவு சீமெந்து தேவை என்று முன்கூட்டியே கணக்கிடும் கணிய அளவைப் படிப்புக்கு, கண்டியில் ஒரு கல்லூரியில் நுழைவுத் தேர்வு நடந்தது. கலைப் பிரிவில் படித்தவள், கைக்குழந்தைக்காரி, நான் விண்ணப்பித்தேன். நான் புத்தகத்தைத் திறக்கும் நேரம் பார்த்து நீங்கள் வெங்காயத்தைக் கொண்டுவந்து வைப்பீர்கள்.

முதல் தடவை தோற்றேன். ஆங்கிலத்தில் தேறிவிட்டேன், பொது அறிவிலும் சித்தி. கணிதப் பகுதியில் தனியாகச் சித்தியடைய வேண்டும், அதில் விழுந்துவிட்டேன். சீகிரியா ஹோட்டலில் வேலை செய்த உங்கள் மகன் போனில், "பரவால்ல, விடுங்க. வீட்ட இருந்து புள்ளயப் பாத்தாப் போதும்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அதோடு எல்லாம் முடிந்துவிட்டதென்று எனக்கு விளங்கியது. குசினி வாசலில் நின்று அழுதேன். நீங்கள் அரிசி களைந்துகொண்டிருந்தீர்கள்.

"எதுல விழுந்த?"

"கணக்குல, மாமி."

"கணக்குலயா?" அரிசிச் சட்டியை டொக்கென்று வைத்தீர்கள். "இங்கிலீசுல விழுந்தாலும் பரவால்ல. கணக்குல விழுந்த மருமகள் ஈக்கிற வீடுண்டு நாளைக்கி யாரும் சொல்லப்படாது. அந்தப் பழைய பேப்பரக் கொண்டா."

நீங்கள் படித்த காலத்தில் வகுப்பிலேயே கணிதத்தில் முதலாவது என்பது அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது. பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே நிக்காஹ் முடிந்துவிட்டதாம். அதைப் பெரிய சோகமாகவும் நீங்கள் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்தபடி, "அந்தக் காலம் அப்பிடி," என்றீர்கள். பிறகு பந்தயத்தை அறிவித்தீர்கள்: ஒரே வினாத்தாளை இருவரும் செய்வது. புள்ளி குறைந்தவள் மறுநாள் காலை ரொட்டி சுட வேண்டும்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மேசைக்கு வருவோம். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டால் பேனாவை வைத்துவிட வேண்டும். முதல் சில வாரங்கள் நான்தான் ரொட்டி சுட்டேன். விகிதமும் சதவீதமும் உங்கள் விரல் நுனியில் இருந்தன. நீங்கள் கையால் மறைத்துக்கொண்டு எழுதுவீர்கள், ஆனால் என் தாளை எட்டிப் பார்ப்பீர்கள். "பாக்கல மகள், கழுத்துப் புடிச்சிட்டு," என்று சாதிப்பீர்கள்.

அட்சரகணிதத்தில்தான் நீங்கள் தடுமாறினீர்கள். படித்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. "இந்த எக்ஸ ஏன் அந்தப் பக்கம் கொண்டு போற? எனக்கு விளங்கப்படுத்து," என்றீர்கள். சொன்னேன். "அது செய்ற விதம். ஏன் அப்பிடிச் செய்றண்டு கேட்டேன்," என்றீர்கள். நான் மறுபடி அதே விதத்தைத்தான் எழுதிக் காட்டினேன். "விளங்கின மாதிரித் தலையாட்ட எனக்கு ஏலாது," என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். உங்களுக்குச் சொல்வதற்காகவே ஒவ்வொன்றையும் அடியிலிருந்து படித்தேன். சமன்பாடு என்றால் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்ற எளிய சங்கதி, உங்களுக்கு விளங்கிய அன்றுதான் எனக்கும் விளங்கியது.

நான் முதன்முதலாக வென்ற நாளில் நீங்கள் இரண்டு தாள்களையும் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தீர்கள். "கண்ணாடி சரியில்ல," என்று எழுந்து போனீர்கள். மறுநாள் கண்விழித்தபோது தேங்காய்ப்பூ ரொட்டி வாசம் வீடெல்லாம் நிறைந்திருந்தது. கட்டச்சம்பலோடு தட்டை என் முன்னால் வைத்தீர்கள். "தின்னு. இன்னைக்கி மட்டுந்தான்." அந்த ரொட்டியைப் போல ருசியான ஒன்றை நான் இன்னும் சாப்பிடவில்லை.

இரண்டாம் முறை எழுதப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். உங்கள் மகன்கூடத் தயங்கினார். "எழுதட்டும். புள்ளய நான் பாக்குறேன்," என்று நீங்கள் சொன்னதோடு அந்தப் பேச்சு நின்றது. பரீட்சையன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண்டி வரைக்கும் வந்தீர்கள். நான் வெளியே வந்ததும் எப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. "கேள்வியச் சொல்லு," என்றீர்கள். பஸ்ஸில் சோற்றுப் பார்சல் சுற்றிய தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டீர்கள். ஒரு கணக்கில் உங்கள் விடை வேறு, என் விடை வேறு. மாத்தளை வரும்வரை சண்டை. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து மறுபடி போட்டுப் பார்த்த பிறகுதான், "சரி, நான்தான் ரொட்டி," என்றீர்கள்.

முடிவு வந்த அன்று போனை என் கையிலிருந்து பிடுங்கினீர்கள். மற்றப் பாடங்களை மேலோட்டமாகத்தான் பார்த்தீர்கள். கணிதத்துக்கு நேரே இருந்த புள்ளியைப் படித்ததும், ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் உங்கள் செருப்புமாகத் தெருவில் இறங்கிவிட்டீர்கள். "கணக்குல! எங்கட மகளுக்குக் கணக்குலதான் ஆகக் கூடப் புள்ளி!" என்று ஒவ்வொரு படலையிலும் நின்று சொன்னீர்கள். முகம் சுளித்தவர்கள் வீட்டுப் படலையில் சற்று அதிக நேரம் நின்றீர்கள். தோள் முந்தானை காற்றில் பறக்க நீங்கள் போனதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் குழந்தையே பயந்து அழுதது.

படித்து முடித்து, பல்லேபொலயில் நான் கணக்கிட்ட முதல் கட்டடம் எழும்பியபோது திரீவீலில் வந்து இறங்கினீர்கள். மேல்மாடி வரை மூச்சு வாங்க ஏறினீர்கள். ஒரு மேசன் ஏதோ கேட்க, நான் தலையைக் குனிந்து முணுமுணுத்தேன். எல்லோர் முன்னாலும் அதட்டினீர்கள்: "சரியான விடைய ஏன் மகள் களவெடுத்த சாமான் மாதிரிச் சொல்ற? சத்தமாச் சொல்லு."

இன்று காலை நாவுலயில், புதிய கட்டடத்துக்கு நான் போட்ட தரை ஓட்டுக் கணக்குப் பிழை என்றார் ஒப்பந்தக்காரர். சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் அவர் சொன்னதற்குத் தலையாட்டினார்கள். அளவுநாடாவை அவர் கையிலேயே கொடுத்து மறுபடி அளக்கச் சொன்னேன். அளந்தார், கூட்டினார், என் தொகையே வந்ததும் நாடாவைச் சுருட்டி நீட்டினார். முன்பென்றால் அந்த இடத்தில் நான் தலையைக் குனிந்து முணுமுணுத்திருப்பேன். ஆனால் மாமி, அந்த வெற்றுத் தரையின் நடுவில் நின்று, சுவரில் பட்டு எதிரொலிக்கும்படி, என் விடையைச் சொன்னேன்.