தளம் இறுகும்வரை

அம்மா,

முதலில் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை உன் அறையில் இருக்கும் யாரிடமும் காட்டாதே, நீ வேலை பார்க்கும் லாண்டரியில் துணி மடிக்கும் மேஜையில் வைத்துப் படிக்காதே, படித்த கையோடு அத்தைக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதே. போனிலேயே சொல்லிவிடலாம் என்றால் நான் பேசும்போதெல்லாம் அத்தை பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் எல்லாரும் படுத்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, மேஜை விளக்குக்குத் துண்டைப் போர்த்தி எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பயம்தான் காரணம், திட்டாதே.

நீ எழுதுவது போலவே தொடங்குகிறேன். இங்கே நான் நலம், அங்கே நீ நலமா? இந்த ‘நான் நலம்’ என்பதைப் பொய் கலக்காமல் எழுதி வெகு காலமாயிற்று அம்மா. போன கடிதங்களில் எல்லாம் கை எழுதியது, மனசு எழுதவில்லை. காலையில் கண் விழித்ததுமே நெஞ்சில் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ என்று சொல்ல வாய் திறப்பேன், குரல் வராது. டீச்சர் ஆப்சென்ட் போட்டுவிடுவார், நானும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஆப்சென்ட் ஆகிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுக்கை. தலை வாருவதற்குக்கூட மலையைப் புரட்டுகிற மாதிரி இருந்தது. அத்தை முதலில் திமிர் என்றார், அப்புறம் ரத்தம் கம்மி என்றார், அப்புறம் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்தார், கடைசியில் ஒருநாள் என் தலையை மடியில் வைத்து ஏண்டி இப்படி ஆயிட்ட என்று அழுதார். நீ அத்தையைக் கெட்டவராக நினைத்துவிடாதே, என் சிக்கெல்லாம் எடுத்துப் பின்னிவிட்டது அவர்தான். உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்றுதான் எல்லாரும் மறைத்தார்கள். ஓடி வந்துவிடாதே, முழுசாகப் படி.

அப்பாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சிமெண்ட் ஒட்டிய சட்டையோடு வந்து, வாசலில் நின்று கையைக் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த டாக்டரம்மா அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் பேசினார். நான் சொன்னது பாதி, அழுதது பாதி. இதற்குப் பெயர் மனச்சோர்வு, பதற்றமும் கூடச் சேர்ந்திருக்கிறது, சளி காய்ச்சல் மாதிரி இதற்கும் வைத்தியம் உண்டு, இதில் உன் தப்பும் இல்லை, உங்க அம்மா தூரத்தில் இருப்பதை மட்டும் குற்றம் சொல்லவும் வேண்டாம் என்றார். அதை உனக்காகவே மனப்பாடம் செய்து வைத்தேன். தினம் ஒரு மாத்திரை, இடையிடையே போய் அவரிடம் பேச வேண்டும். ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டும், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், ரொம்ப மோசமாக இருந்தால் உடனே வந்து சொல்லணும், நல்லாயிட்ட மாதிரி இருந்தாலும் நீங்களாக நிறுத்தக்கூடாது என்று அப்பாவைக் கூப்பிட்டும் சொன்னார்.

புரட்டியது அம்மா, நாக்கெல்லாம் உலர்ந்து போயிற்று. கணக்கு வகுப்பில் ஓயாமல் கொட்டாவி, சார் சாக்பீஸைக் காட்டி, இதை உள்ள போட்டாக்கூடத் தெரியாது போலிருக்கே என்றார், எல்லாரும் சிரித்தார்கள். பலன் ஒன்றையும் காணோம். டாக்டரம்மா என்னை ஏமாற்ற மிட்டாய் கொடுத்துவிட்டார் என்றுகூட நினைத்தேன். அப்புறம் ஒருநாள் தட்டைக் கழுவ எடுத்துப் போகும்போதுதான் கவனித்தேன், தட்டு காலி. நானே சாப்பிட்டிருக்கிறேன், யாரும் ஊட்டாமல், யாரும் திட்டாமல். மாத்திரை ஒன்றும் சந்தோஷத்தைக் கட்டித் தூக்கி வந்து கொடுக்கவில்லை. நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னது, அவ்வளவுதான். மிச்ச இடத்தில் நான் எழுந்து நின்றேன். போன திங்கட்கிழமை பெயர் கூப்பிட்டதும் ‘உள்ளேன்!’ என்றேன் பார், பக்கத்து வகுப்பே திரும்பியிருக்கும். டீச்சர் காதைத் தேய்த்துக்கொண்டு, உள்ளதான் இருக்கேன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சும்மா, உக்காரு என்றார். அம்மா, எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜச் சிரிப்பு.

அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. வீட்டிலும் சிரித்தேனா, அத்தை பிடித்துக்கொண்டார். புள்ளதான் குதிரை மாதிரி ஓடுதே, இனி எதுக்கு மாத்திரை, பழகிப்போச்சுன்னா விடாது, நாளைக்கு நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க என்று தினமும் அப்பா காதில் ஓதினார். இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது அப்பா மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னைக்கு ராத்திரியிலிருந்து வேணாம் பாப்பா, நீதான் நல்லாயிட்டியே என்றார். மறுபடி அந்தச் சுவர்தானா என்று நினைத்தேன்.

முன்பெல்லாம் பேசாமல் எழுந்து போயிருப்பேன். இன்றைக்குப் பேசினேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஒரு வீட்டுக்காரர் கான்கிரீட் தளம் போட்ட மறுநாளே மேலே ஏறி நடந்து பார்த்துவிட்டு, கல்லு மாதிரி இருக்கே மேஸ்திரி, அடியில தாங்கி நிக்கிற முட்டுக் கம்பையெல்லாம் பிரிச்சுடுங்க, சாமான் ஏத்தணும் என்று அவசரப்படுத்தினாரே? அப்பா மாட்டேன் என்று பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாரே? நான் கேட்டேன், அப்பா, மேல நடந்தா தாங்குதுன்னு நீங்க முட்டுக் கம்பைப் பிரிப்பீங்களா, அது தாங்குறதே முட்டு நிக்கிறதாலதானே, எப்பப் பிரிக்கணும்னு எஞ்சினியர் சொல்லணுமா வீட்டுக்காரர் சொல்லணுமா என்று. குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. அத்தை, அப்பனுக்கே பாடம் எடுக்குது பாரு, வாய் மட்டும் நல்லா குணமாயிடுச்சு என்றார். அதற்கும் விடாமல், ஆமா அத்தை, வாய்க்கும் சேத்துத்தான் மாத்திரை கொடுத்தாங்க என்றேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். அட்டை இன்னும் அவர் பையில்தான். அவருக்குக் கோபமா என்று தெரியவில்லை, பயமாக இருக்கிறது. ஆனாலும் அம்மா, நான் கேட்டேன், என் வாயால் கேட்டேன், அது மட்டும் யாரும் பிடுங்க முடியாது. நாளைக்கு அட்டை கிடைக்காவிட்டால் நானே பஸ் ஏறி டாக்டரம்மாவிடம் போய்விடுவேன், பஸ்சில் தனியாக ஏற இப்போது என்னால் முடியும்.

நீ ஈரத் துணி மூட்டையைத் தனியாகத் தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, முழங்கால் வலியை என்னிடம் மறைக்காதே, நானும் இனி மறைக்கமாட்டேன். பெரியவளான உன்னை நான் ஆசீர்வதிக்கக் கூடாதுதான், இருந்தாலும் நூறு வயசு நல்லா இரு. இப்படிக்கு, நல்லாகி வரும் உன்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். பாப்பா, வெளக்கு தெரியுது, முழிச்சுத்தானே இருக்க, முட்டுக் கம்பை யாரும் பிரிக்கலைடா, மாத்திரைக்குத் தண்ணி கொண்டாந்திருக்கேன், கதவைத் தெற என்கி