நீ எனக்கு வரவழைத்த காமாலை

அக்கா,

இன்று காலை திருத்தணி ஸ்டேஷனில் வண்டிக்காக நிற்கும்போது, பிளாட்பார விளிம்பில் முளைத்திருந்த ஒரு செடியைக் கை தானாகக் கிள்ளிவிட்டது. இரண்டு நாளாக மழை. நசுக்கி முகர்ந்தேன், கீழாநெல்லி. அந்தப் பச்சைக் கசப்பு மூக்கில் ஏறியதும் நாலு பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றிருந்த பெண் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். காமாலைக்குக் கொடுக்கிற செடியை முகர்ந்து யாராவது சிரிப்பார்களா? எனக்கு எந்தக் காலத்திலும் காமாலை வந்ததில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

நம் சிநேகிதம் வேறெங்கும் இல்லை, அந்த வண்டியில்தான். நீ பள்ளிப்பட்டு ரோட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவாய். நான் மலையடிவாரத் தெருவிலிருந்து நடந்து வருவேன். உனக்கு அம்பத்தூரில் தையல் கம்பெனி, எனக்கு வில்லிவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸ். ஏழு வருஷம் ஒரே பெண்கள் பெட்டி, ஜன்னலோரம் அதே இரண்டு இருக்கை. அத்தனை வருஷத்தில் உன் வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் உன் வீட்டில் என்ன குழம்பு என்பது தினமும் தெரியும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் வேலைக்கு வருவதை நிறுத்தினேன். காரணம் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். சொல்லும்படி ஒன்றுமில்லை. காலையில் எழுந்து உட்கார்ந்தால் பல் தேய்க்கப் போவதே மலைப்பாக இருந்தது. என் வீட்டுக்காரர் பயந்துபோய் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். மனச்சோர்வு, மாத்திரை சாப்பிட வேண்டும், நாளாகும் என்றார் டாக்டர். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் விழுங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார் என் வீட்டுக்காரர். அந்தப் பொறுமைக்கு அவரை நான் நேரிலேயே பாராட்டிக்கொள்கிறேன். இது உனக்கான கடிதம்.

நீ வண்டியிலிருந்து போன் செய்தாய். உடம்பு எப்படி என்று கேட்பாய், என்ன பதில் சொல்வது என்று பயந்துகொண்டே எடுத்தேன். உனக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். "ஆங், சரி. உன் சீட்டு இருக்குது. வை" என்று வைத்துவிட்டாய்.

மறுநாளும் அதே நேரம், வண்டி அரக்கோணம் தாண்டியதும் போன். "நான்தான். சீட்டு இருக்குது." அவ்வளவுதான். ஞாயிறு தவிர எல்லா நாளும். ஒருநாள் எரிச்சலில், "நான்தான் வரலயே, எதுக்குக்கா அதப் புடிச்சு வைக்கிற?" என்று கேட்டேன்.

"இன்னாமே பேசற? ஒரு வாரம் வுட்டா அது வேறாளு சீட்டு. அப்புறம் நீ வந்து கம்பியப் புடிச்சுக்கினு நின்னுக்கினே போவியா?"

சீசன் டிக்கெட்காரர்களின் சட்டம் அது, எங்கும் எழுதி வைக்காத சட்டம். வழக்கமாக உட்காருகிறவளுக்கு அந்த இடம். சில நாள் விட்டால் போயிற்று. நான் வருவேனா என்று எனக்கே தெரியாத நாட்களில், வருவேன் என்று வைத்துக்கொண்டு நீ அங்கே காரியம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்காக நீ சொன்ன பொய்கள் இருக்கின்றனவே! திருத்தணியில் கிளம்பும்போது இடம் இருக்கும். அரக்கோணத்தில்தான் கூட்டம் மோதும். என் இருக்கையில் உன் டிபன் பையை வைத்திருப்பாய். அங்கே ஏறுகிற ஒரு அம்மாள், நாம் சண்டைக்காரம்மா என்று பெயர் வைத்திருந்தோமே, அவர் முதல் நாளே பையைத் தூக்கியிருக்கிறார். நீ பதறிப்போய், "ஆளு வருது, கக்கூசுக்குப் போயிருக்கா" என்றிருக்கிறாய். அந்த மின்சார வண்டியில் கக்கூஸ் ஏது? பெட்டியே சிரித்ததாம். மானம் போன வேகத்தில் அடுத்த பொய்: எனக்கு மஞ்சள் காமாலை, திருவள்ளூரில் அம்மா வீட்டில் தங்கி மருந்து சாப்பிடுகிறேன், என்றைக்கு வேண்டுமானாலும் அங்கே ஏறுவேன். என் அம்மா வீடு சோளிங்கர். திருவள்ளூர் வரைக்கும் பையைக் காவல் காத்துவிட்டு, "இன்னிக்கும் வரல போல" என்று நிற்கிற யாருக்காவது இடத்தைக் கொடுப்பாய். மறுநாள் மறுபடி.

இது எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நீ என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். கையில் பெரிய கட்டைப்பை. உள்ளே கீழாநெல்லி, கட்டுக்கட்டாக, வேரோடு, மண்ணோடு. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"சண்டக்காரம்மா குடுத்தாங்க. அவங்க வூட்டாண்ட மொளைக்குதாம். மோர்ல அரச்சு வெறும் வயித்துல குடிக்கணுமாம். மத்தவங்களும் ஆளுக்குக் கொஞ்சம் புடுங்கினு வந்துட்டாங்க. நான் இன்னா பண்ணுவேன், வேணாம்னா கேக்கறாங்களா?"

பிறகு தலையைச் சொறிந்துகொண்டு எல்லாப் பொய்யையும் ஒப்புக்கொண்டாய். கக்கூஸ் கதை வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் சத்தமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சமையலறையில் இருந்த என் வீட்டுக்காரர் கரண்டியோடு ஓடிவந்து வாசற்படியில் நின்று பார்த்தார்.

சிரித்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அதற்குப் பிறகும் எழுந்திருக்க முடியாத நாட்கள் நிறைய இருந்தன. மாத்திரை மெதுவாக வேலை செய்தது. ஆனால் பெயர்கூடத் தெரியாத பத்துப் பெண்கள் காலை அவசரத்தில் எனக்காகக் குனிந்து செடி பிடுங்கியிருக்கிறார்கள் என்பது மனசின் ஓரத்தில் கிடந்தது. மூன்று மாதம் முடிந்த ஒரு வியாழக்கிழமை, புடவை கட்டிக்கொண்டு, வீட்டுக்காரரின் வண்டியில் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "குந்து" என்றாய்.

அரக்கோணத்தில் சண்டைக்காரம்மா ஏறினார். "வந்துட்டியா, காமால?" என்று நேரே வந்து என் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "மஞ்ச எறங்கிடுச்சு" என்று பெட்டிக்கே அறிவித்தார். பின்னாலேயே இன்னும் மூன்று பேர் வந்து இமையை இழுத்தார்கள். நீ ஜன்னல் பக்கம் திரும்பி, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாய்.

அன்றிலிருந்து எனக்குப் பத்தியம். என் டிபன் பாக்ஸைத் திறந்து எண்ணெய் பார்ப்பார்கள். ஒருத்தி மோர் கொண்டுவருவாள், ஒருத்தி கரும்புச்சாறு குடி என்பாள். ஒருநாள் திருநின்றவூரில் ஏறிய பெண்ணிடம் மசால் வடை, சூடாக. எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். நானும் கை நீட்டினேன். சண்டைக்காரம்மா என் கையிலேயே தட்டினார். "எண்ணப் பலகாரமா? காமால திரும்புச்சுன்னா ஆளத் தூக்கிடும்!"

அக்கா, எனக்கு அந்த வடை வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் எதையும் வேண்டும் என்று நினைக்காதவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அந்த வேகத்தில் சொல்லிவிட்டேன். "எனக்குக் காமாலயே இல்லம்மா. மனசு சரியில்லாமப் போயிடுச்சு. மனநல டாக்டர்கிட்ட மாத்திர சாப்புடறேன். வட சாப்புடலாம்."

உன் முகம் செத்துவிட்டது. சண்டைக்காரம்மா என்னைப் பார்த்தபடியே தன் கைப்பைக்குள் துழாவி, ஒரு மாத்திரை அட்டையைப் பாதி வெளியே இழுத்துக் காட்டினார். "இதுவா?"

பெயர் வேறு. விஷயம் ஒன்றுதான். "எனக்கு மூணு வருசமா. எம் பையனுக்கும் தெரியாது" என்றார். குரலில் சண்டையே இல்லை. தன் கையிலிருந்த வடையைப் பிட்டுப் பெரிய பாதியை என்னிடம் கொடுத்தார்.

அவர் ஆவடியில் இறங்கினார். உடனே நீ சீறினாய். "நாலு பேரு உன்ன ஒரு மாதிரி பாக்கக் கூடாதுன்னுதானே வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன்? ஒரு வடைக்கு ஒடச்சிட்டியே!" அம்பத்தூர் வந்தது. இறங்கப் போனவள் திரும்பி, "வட எப்டி இருந்துச்சு?" என்று கேட்டாய். உப்பு கம்மி என்றேன். "அப்ப நீ தேறிட்ட" என்று கூட்டத்தில் கலந்துவிட்டாய்.

எத்தனையோ தடவை உனக்கு நன்றி சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். ஒருமுறைகூட முடிக்க விடவில்லை. "எனக்கும் பக்கத்துல பேச்சுக்கு ஆளு வோணுமே" என்பாய், பேச்சு குழம்புக்குப் போய்விடும்.

போன வருஷம் தை மாதம், அதே காலை நேரத்தில் உன் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது உன் மகள். மாரடைப்பு, பஸ்ஸுக்குக் கிளம்பும்போதே.

சண்டைக்காரம்மாவும் நானும் அன்றைக்குத்தான் முதன்முதலாக உன் வீட்டுக்கு வந்தோம். நீ பாவா, பாவா என்று சொல்வாயே, உன் வீட்டுக்காரர், வாசலில் உட்கார்ந்திருந்தார். ரயிலில் கூட வருகிறவர்கள் என்று சொன்னோம். என்னைப் பார்த்து, "காமால வந்த பொண்ணு நீதானாம்மா? இப்பப் பரவால்லயா? எண்ண கிண்ண சேத்துக்கறியா?" என்று கேட்டார். பெட்டி முழுக்கத் தெரிந்த பிறகும், உன் வீட்டில் நீ அதை மாற்றிச் சொல்லவே இல்லை. "சேத்துக்கறேங்க" என்றேன்.

வேலைக்கு வராமல் கிடந்த அந்த மூன்று மாதத்தைப் பற்றி நான் உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. நான் ஒரு தடவைகூட அழவில்லை. அழுவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே. நீ போன செய்தி கேட்டதும் அந்த வெறுமை திரும்ப வந்துவிடும் என்றுதான் வீட்டுக்காரர் பயந்தார். நானும் பயந்தேன். உன் முகத்தைப் பார்த்தபோதுகூட மரம் மாதிரிதான் நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் அழுகை வந்தது. கேவிக் கேவி, மூக்கைச் சிந்தி, திருத்தணி வரும்வரை அழுதேன். சண்டைக்காரம்மா என்னைத் தடுக்கவில்லை, முதுகில் கை வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து குளித்தேன். பசித்தது, சாப்பிட்டேன். மறுநாள் வீங்கிய கண்ணோடு வேலைக்குப் போனேன். ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னை நினைத்து எத்தனையோ காலை அழுதிருக்கிறேன். ஒரு காலைகூட எழுந்திருக்க முடியாமல் கிடந்ததில்லை.

நீ இல்லாததை என்னால் தாங்க முடிகிறது, அக்கா. அதுவும் நீ செய்ததுதான்.