தூக்கித் தள்ளும் கதவு

அன்பு மகளுக்கு,

மாடி வீடு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. வாடகைக்குக் கேட்டு வந்தவர்கள் யாரும் சரியில்லை. தேன் ஒழுகப் பேசிய வங்கிக்காரர், "நாங்க ரெண்டே பேருதாம்மா" என்றார். அவர் மனைவியோ மூன்று கட்டில் எங்கே போடலாம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள். அனுப்பிவிட்டேன்.

நேற்று ஒரு நர்ஸ் பெண் வந்தாள். வாடகை எவ்வளவு, தண்ணீர் வருமா, ஒன்றும் கேட்கவில்லை. "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்கிறாள். வீடு பார்க்க வந்தவளுக்கு என் மாத்திரை எதற்கு? அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

மாடிக்குக் கூட்டிப்போனேன். நீ அன்று அறைந்து சாத்திவிட்டுப் போன கதவு இப்போதும் அடியில் உரசுகிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதோடு மல்லுக்கட்டுவார்கள். இவளோ கைப்பிடியைப் பிடித்துச் சற்றே தூக்கி, இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினாள். திறந்துகொண்டது.

"இதை யாரும்மா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"எல்லா வீட்லயும் இப்படித்தானே ஆன்ட்டி" என்று மழுப்பினாள். அதுவரை அவளுக்கு அம்மாவாக இருந்த நான் அந்த நொடியில் ஆன்ட்டியாகிவிட்டேன்!

உன் அப்பாவுக்கே அந்த வித்தை கடைசிவரை பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் நாம் இருவர்தான்.

வீட்டை அவளுக்குக் கொடுக்கவில்லை. இனிமேல் வேவு பார்க்க யாரையும் அனுப்பாதே. கதவை இழைத்துத் தருகிறேன் என்று தச்சர் நச்சரிக்கிறார். நான்தான் வேண்டாம் என்கிறேன். திறக்கத் தெரிந்தவள் வந்து திறக்கட்டும்.

இப்படிக்கு,
மாத்திரையை ஒழுங்காகப் போடும்
உன் அம்மா