டைனமோவில் ஓடிய மின்னல்

ஓகஸ்ட் 9, சனி

வெயில். தார் றோட்டில் நெல் காயப்போட்டாச்சு. காவல்: நான். எதிரிகள்: காகம், ஆடு, மோட்டார்சைக்கிள்.

மதியம் கனடா மாமா வந்து இறங்கினார். அம்மாவின் அண்ணன். பெட்டிக்குள் சொக்லேற் (உருகியது), எனக்கு ஒரு சட்டை (அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் உள்ளே போகலாம்), பழைய கசற் ஒன்று.

கசற்தான் விசயம். தொண்ணூறுகளில் மாமாவும் குலம் அண்ணையும் இன்னொருவரும் சேர்ந்து இங்கே முரசுமோட்டையில் ஒரு ரொக் குழு வைத்திருந்தார்களாம். பெயர் ‘மின்னல்’. சண்டைக்காலம், கறண்டே இல்லாத ஊரில். சினிமாப் பாட்டுக்கு இடமில்லை, எல்லாம் சொந்தப் பாட்டு. கிற்றாருக்குச் சைக்கிள் பிறேக் கம்பி, ட்றம்முக்கு எண்ணெய்ப் பரல் (தகரப் பீப்பாய்). பரல் அடித்த குலம் அண்ணை இப்போது உழவுமெசின் ஓட்டுகிறார், சத்தம் குறையவில்லை. மூன்றாமவர் படத்தில் மட்டும். அவரைப் பற்றி யாரும் அதிகம் கதைப்பதில்லை.

வருகிற சனி வாசிகசாலையில் பாராட்டு. பேனர் அடித்தாச்சு. மூன்று படம்.

பின்னேரம் இரவல் றெக்கோடரில் கசற்றைப் போட்டோம். வந்தது மாமா இல்லை, அணில். கீச் கீச் என்று காதல் பாட்டு. மாமா ரொறொன்ரோ, குரல் கீச்சொன்ரோ. நான் சிரித்து நெல்மூட்டையில் சாய்ந்துவிட்டேன்.

மாமா சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் கொழும்புக்கு இந்தக் கசற்றின் பிரதி ஒன்று அனுப்பினாராம். கேட்டவர்களும் இப்படித்தான் சிரித்தார்களாம். அதோடு பாட்டு எழுதுவதை விட்டாச்சு.

“ஊரில கேக்கேக்க நல்லாத்தான் இருந்தது” என்றார். பிறகு, “நாடா பழுதாப்போச்சு. எறி.”

எறியவில்லை. என் மேசை லாச்சிக்குள்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

மாமா உறங்கும்போது அவருடைய போனுக்கு அணில் பாட்டை மணியாக வைத்தேன். கோயிலில் பூசை நேரம் அடித்தது. ஐயர் திரும்பிப் பார்த்தார். மாமா போனை வேட்டி மடிப்புக்குள் அமுக்க, மடிப்புக்குள் இருந்து கீச் கீச்.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. வீட்டுக்கு வந்தும் சிரிப்பு நிற்கவில்லை. இவ்வளவு சிரிக்க வேறு ஏதோ இருக்க வேண்டும். கரண்டியால் கிண்டுவது போலக் கிண்டினேன்.

அம்மா சொன்னது: அந்தக் காலத்தில் பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்துத்தான் றெக்கோடர் ஓடினதாம். சுற்றியது ஆர்?

“வேற ஆர், நான்தான். பன்னிரண்டு வயசு.”

அப்படியென்றால் அம்மாவும் மின்னல்தானே என்று மாமாவைக் கேட்டேன். படம் எங்கே?

“சைக்கிள் சுத்தினவையைப் போட்டா, தேத்தண்ணி ஊத்தினவையையும் போடவேணுமெல்லோ.”

“தேத்தண்ணியும் நான்தான் ஊத்தினனான், அண்ணை” என்றா அம்மா. குசினிக்குள் போய்விட்டா.

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும்தான். சனிக்கு முன் பேனரில் நாலாவது படம். முடிவு.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

காற்று. புழுதி. மத்தியானம் புட்டு.

கசற்றைப் போனில் பதிந்து, வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். அணில் இறங்கி இறங்கி ஆளாகியது. நல்ல குரல். மாமாவுக்கு இதைச் சொல்லமாட்டேன்.

கண்டுபிடிப்பு: அம்மாவின் கை சோர, றெக்கோடர் மெல்ல ஓடியிருக்கிறது. மெல்லப் பதிந்ததை வேகமாக ஓட்டினால் கீச்சு. ஊரில் போட்டுக் கேட்டபோதும் அதே அம்மா, அதே கை, அதே மெல்ல. சரியாக இருந்தது. கொழும்பில் கறண்ட். அணில். நாடாவிலும் பிழையில்லை, மாமாவிலும் பிழையில்லை.

ஆனால் ஒன்று இடிக்கிறது. முதல் இரண்டு பாட்டும் போகப் போகக் கீச்சு கூடுகிறது. மூன்றாவது, குச்சியில் விற்கும் ஐஸ்பழத்தைப் பற்றியது, தொடக்கத்தில் இருந்து முடிவுவரை ஒரே சீர். களைத்த பிறகு எப்படி?

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. தலை நிமிரவில்லை.

“அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும். அப்ப ஐஸ்பழத்தைக் கண்ணாலயும் காணேல்லை.”

“மற்ற ரெண்டும்?”

“அது உன்ர மாமா ஒரு பெட்டைக்கு எழுதினது. அவளுக்கு நான் ஏன் கை நோகச் சுத்துவான்?”

என் அம்மா. என் ரத்தம். இந்தக் குறும்பு அப்பாவின் பக்கத்தால் வந்தது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

ஓகஸ்ட் 16, சனி

விரலெல்லாம் பசை, எழுத்து கோணல்.

குலம் அண்ணையிடம் முந்தநாளே எல்லாம் சொல்லியாச்சு. டைனமோ உள்ள பழைய சைக்கிள் அவருடையது. வாசிகசாலைச் செயலாளரிடம், மாமாதான் சைக்கிள் கேட்டார் என்று சொன்னேன். பொய். ஆனால் வேலை நடந்தது.

நாலு பேச்சு. மூன்று கொட்டாவி. மாமா எழுந்து, பழைய பதிவு பழுது, மன்னிக்கவும், புதிதாகப் பாடுகிறேன் என்று தொடங்க, குலம் அண்ணை கவிழ்த்த சைக்கிளோடு மேடையில் ஏறினார். நான் றெக்கோடரோடு பின்னால். மாமாவின் முகம், புளி தின்ற முகம்.

குலம் அண்ணை மைக்கைப் பிடுங்கினார்.

“வசந்தி, மேடைக்கு வா. நீ வராட்டி இது ஓடாது.”

கடைசி வரிசையில் இருந்த அம்மா தலையாட்டி மறுத்தா. ஊரே திரும்பிப் பார்த்தது. வந்தா. தலைப்பை இடுப்பில் செருகினா. சுற்றினா.

முதலில் அணில். சனம் சிரித்தது. மாமா தலையைக் குனிந்தார். அம்மா காதைச் சரித்துக் கேட்டா. கையைக் கொஞ்சம் தளர்த்தினா. இன்னும் கொஞ்சம். குரல் படியிறங்குவது போல இறங்கி, ஓரிடத்தில் நின்றது. இளந்தாரி மாமா. தொண்டை கிழியப் பாடுகிறார். பரல் இடி இடிக்கிறது. பிறேக் கம்பி அழுகிறது. அந்த நாளில் கை எங்கே சோர்ந்ததோ அங்கே சோரவிட்டா, இம்மியும் பிசகாமல். சிரித்தவர்கள் கதிரையை முன்னுக்கு இழுத்தார்கள்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். கொழும்பில் ஒருவரும் கேட்காத பாட்டு.

காதலியின் பெயர் வந்த இடத்தில் மட்டும் அம்மா ஒரு சுழற்று வேகமாகச் சுற்றி அவரை அணிலாக்கினா. விசில். கூரைத் தகரம் அதிர்ந்தது.

முடிந்ததும் மாமா மைக்கை வாங்கினார்.

“மூண்டு பேர் எண்டு போட்டிருக்கினம். பிழை. நாங்கள் நாலு பேர்.”

அம்மாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, பசை பூசித் தயாராக வைத்திருந்தேன். கதிரையில் ஏறி ஒட்டினேன். கொஞ்சம் சரிவு. பரவாயில்லை, ரொக்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

அம்மாவின் தோளுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன்.

மாமா பாட்டெல்லாம் இணையத்தில் ஏற்றப் போகிறார். இன்னொருமுறை சுற்றித் தா என்று கெஞ்சினார். அம்மா கசற்றைத் திருப்பிப் பார்த்தா.

“மற்றப் பக்கம் வெறுமையாக் கிடக்கு. அதில நான் பாடுறன். நீங்கள் சுத்துங்கோ.”

அம்மா பாடுவா என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்திலும் அவாவைப் பாடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லையாம். முற்றத்தில் நின்று, கண்ணை மூடி, சொந்தமாகக் கட்டிய பாட்டு. எப்போது கட்டினா? கேட்கவில்லை, குழப்பப் பயம். மாமா வேர்க்க வேர்க்கச் சுற்றினார்.

பிறகு கறண்டில் போட்டுக் கேட்டோம். முதல் அடி அம்மா. இரண்டாவது அடி சின்னப் பிள்ளை. நாலாவது அடி காதுக்குள் நுளம்பு. மாமா கதிரையில் சரிந்து கையை உதறிக்கொண்டிருந்தார்.

அம்மா நாடாவை முதலுக்கு ஓட்டினா.

“அண்ணை, எழும்புங்கோ.”