பூட்டச் சொன்னவர்

சுன்னாகம்,
02.03.2025

அன்பின் அத்தானுக்கு,

உதயா எழுதுவது. நானும் மாமியும் சுகம். உங்கள் சுகத்தை மாமி ஒவ்வொரு நாளும் போனில் கேட்டு முடித்துவிடுவதால் எனக்குக் கேட்க ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. அதனால்தான் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

இந்தக் காலத்தில் ஆர் கடிதம் எழுதுகிறது என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். என் போன் பழுதாய்ப்போனதிலிருந்து வீட்டுக்கு ஒரு போன் போதும் என்பது உங்கள் அம்மாவின் முடிவு. அந்த ஒன்றும் அவவின் மடியில், ஸ்பீக்கரில். நீங்கள் என்னிடம், சாப்பிட்டீரோ என்று கேட்டால், சாப்பிட்டவள் என்று எனக்கு முந்தி அவ சொல்லிவிடுவா. மதிலுக்கு அந்தப் பக்கத்து நிரோஜா இதைத் தபாலில் சேர்ப்பாள். பதிலை அவளுடைய விலாசத்துக்கே போடுங்கள். கட்டின புருஷனுக்குக் களவாகக் கடிதம் எழுதுகிறவள் வலிகாமத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் நின்ற ஆடு உள்ளே வந்து செவ்வரத்தைச் செடியைத் தின்றுவிட்டது என்று மாமி உங்களிடம் முறைப்பட்டா. அதற்கு நீங்கள், "கேற்றைப் பூட்டி வையுங்கோ அம்மா" என்றீர்கள். லண்டனில் இத்தனை வருடம் இருந்தும் ஊர்ப் பேச்சு உங்களுக்கு மாறவில்லை, அதுதான் வினையாய்ப் போயிற்று. கதவைச் சாத்தினாலும் எங்களுக்குப் பூட்டுவதுதான், ஆமைப்பூட்டுப் போட்டாலும் பூட்டுவதுதான். நீங்கள் சாத்தத்தான் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். மாமி அடுத்த நாளே சந்தையடிக்குப் போய் என் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஆமைப்பூட்டு வாங்கி வந்துவிட்டா. பூட்டோடு வந்த திறப்பு அவவின் சேலைத் தலைப்பு முடிச்சில் இருக்கிறது.

கேட்டால் திறக்கிறா, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்க வேண்டும். எங்கே, ஏன், எப்போது வருவாய் என்பதற்கெல்லாம் மறுமொழி சொல்ல வேண்டும். பிறகு, நானும் வாறன் என்று செருப்பை மாட்டுவா. அடுத்த முறை எடுக்கும்போது, சாத்தத்தான் சொன்னனான் என்று ஒரு சொல் சொல்லிவிடுங்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது.

உங்கள் அன்பு
உதயா


லண்டன்,
14.03.2025

அன்பின் உதயா,

உமது கடிதத்தை வேலைக்குப் போகிற வழியில் வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டா. ஆடு தின்ற செவ்வரத்தைக்கு ஆமைப்பூட்டா! அம்மாவிடம் கட்டாயம் சொல்கிறேன்.

என் புதினம் கேளும். கிழமை நாட்களில் சுரங்க ரயில் ஓட்டுகிறேன் என்பது உமக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது இங்குள்ள பழைய ரயில்களின் நூதனசாலையில் சம்பளமில்லாமல் உதவிக்குப் போகிறேன். எங்கள் அப்பா பிறக்கமுன்னர் ஓடிய சிவப்புச் சுரங்க ரயில் ஒன்றைத் திருத்தி, விசேஷ நாட்களில் சனத்தை ஏற்றி ஓட்டுவார்கள். அதில் நான் சாரதி இல்லை, கார்ட். கார்ட்டுக்குத் தனியறை கிடையாது. கடைசிப் பெட்டியின் முனையில், பயணிகளோடு பயணியாக நிற்க வேண்டும். சுவரில் ஒரு பித்தளைப் பலகை. மேலே திறக்கிற பொத்தான்கள், கீழே பூட்டுகிற பொத்தான்கள். எல்லாக் கதவும் சரியாகப் பூட்டினால் பலகையில் ஒரு சின்ன வெளிச்சம் எரியும். அது எரிந்த பிறகுதான் மணி வேலை செய்யும். நான் மணி அடிக்காமல் முன்னுக்கு இருக்கிற சாரதி வண்டியை அசைக்க மாட்டார்.

கிழமை நாட்களில் நான் ஓட்டுகிற வண்டியில் எல்லாம் நான்தான். சின்ன அறை, கதவு உள்ளால் பூட்டு. கைபிடியை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும், கையை எடுத்தால் வண்டி தானாக நின்றுவிடும். சாரதி செத்துப்போனாலும் சனம் தப்ப வேண்டுமென்று அப்படிச் செய்திருக்கிறார்கள். நாள் முழுக்க இருட்டைப் பார்த்துக்கொண்டு அந்தக் கையை எடுக்காமல் இருக்கிறேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மனிதரின் முகம் பார்க்க ஓடுகிறேன். இங்கே பூட்டிய அறைக்குள் இருப்பது நீர் மட்டும் என்று நினைக்காதேயும்.

அம்மாவின் பிறஷர் குளிசையைக் கவனித்துக்கொள்ளும்.

அன்புடன்
ஜெயசுதன்


சுன்னாகம்,
28.03.2025

அன்பின் அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன், ஒரு தரம் உங்களுக்காக, ஒரு தரம் அந்தப் பித்தளைப் பலகைக்காக. கைபிடியை விட முடியாத நேரத்தில் உங்களுக்குத் தும்மல் வந்தால் என்ன செய்வீர்கள்? மற்றக் கையால் மூக்கைப் பிடிப்பீர்களா?

நீங்கள் இன்னும் மாமியிடம் சொல்லவில்லை. நீங்கள் எடுத்த ஒவ்வொரு தரமும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். லண்டன் குளிர் பற்றிச் சொன்னீர்கள், வெங்காய விலை கேட்டீர்கள். பூட்டுப் பற்றி மூச்சும் இல்லை.

இப்போது பூட்டை விடப் பெரிய அலுவல் ஒன்று வந்திருக்கிறது. எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறது, அத்தான். கலியாணத்துக்கு முன்பு படித்த படிப்பு வீணாகப் போயிற்று என்றே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடம் மாங்குளத்துக்கு அப்பால், காட்டு ஓரம். மே முதல் கிழமைக்குள் போய்க் கடமையேற்காவிட்டால் நியமனம் ரத்து. சுன்னாகத்தில் ரயில் ஏறினால் மாங்குளத்தில் இறங்கலாம். கிழமை நாட்களில் அங்கே அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவேன். நிரோஜா தானாகவே, பகலில் மாமியைப் பார்க்கிறேன், இரவில் அங்கேயே வந்து படுக்கிறேன் என்று சொன்னாள்.

மாமியிடம் சொன்னேன். அவ கோபப்படவில்லை. முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னா: "அவன் பூட்டச் சொன்னவன். அவன் திறக்கச் சொன்னால் திறக்கிறன்."

இனி எல்லாம் உங்கள் வாயில்தான் இருக்கிறது. இந்த வீட்டில் கார்ட் நீங்கள்தான். மணியை அடியுங்கள்.

உங்கள் அன்பு
உதயா


லண்டன்,
09.04.2025

அன்பின் உதயா,

நியமனம் கிடைத்தது மெத்தச் சந்தோஷம். நீர் கெட்டிக்காரி என்று எனக்கு முதலே தெரியும்.

ஆனால் ஆறுதலாக யோசியும். அம்மாவுக்கு வேறு பிள்ளை இல்லை. எவ்வளவு நல்ல பிள்ளையானாலும் நிரோஜா பிறத்தியாள். விசா அலுவலும் நடந்துகொண்டிருக்கிறது, அது சரிவந்தால் நீர் மாங்குளத்தை விட்டுவிட்டு இங்கே வரத்தானே வேண்டும்? உமக்குச் சொன்னேன் அல்லவா, எல்லாக் கதவும் பூட்டின பிறகுதான் வெளிச்சம் எரியும். ஒரு கதவில் ஆருடைய பையோ மாட்டிக்கொண்டு நிற்கும்போது மணி அடிக்க முடியாது. அம்மாவின் காரியத்துக்கு ஒரு ஒழுங்கு செய்யாமல் நான் எதையும் அசைக்க இயலாது.

கோபிக்காதேயும். புதுவருஷம் கழிந்த ஞாயிறு போன் எடுத்து அம்மாவிடம் கட்டாயம் கதைக்கிறேன். இது சத்தியம்.

கார்ட்டின் கதவைப் பற்றிச் சொல்ல மறந்துபோனேன். கார்ட் நிற்கிற இடத்தில் அவருக்கென்று தனியாக ஒரு கதவு இருக்கிறது. அது மட்டும் அந்த வெளிச்சத்தோடு சேர்த்தி இல்லை. மற்றக் கதவுகள் எல்லாம் பூட்டிய பிறகும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி மேடையைப் பார்த்தபடி மணி அடிக்கலாம். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு ஆறுதலாகப் பூட்டலாம். போன ஞாயிறு அப்படி நிற்கும்போது காற்று முகத்தில் அடித்தது. நம் ஊர் ரயிலில் வாசலில் நின்று தொங்கிக்கொண்டு போன ஞாபகம் வந்தது.

அன்புடன்
ஜெயசுதன்


சுன்னாகம்,
21.04.2025

அத்தானுக்கு,

நேற்று நீங்கள் எடுத்தீர்கள். சத்தியத்தைக் காப்பாற்றினீர்கள், அதில் குறை சொல்லமாட்டேன். நானும் மாமியும் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தோம். நிரோஜாகூட மதிலுக்கு அந்தப் பக்கம் விறாந்தை கூட்டுகிற சாட்டில் நின்றாள்.

நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். அம்மா, உதயாவின் வேலை விஷயம் என்று தொடங்கினீர்கள். மாமி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அழவில்லை, மறுக்கவில்லை. உங்கள் வாயைப் பார்ப்பது போல அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு, கையில் முடிச்சைப் பிடித்தபடி இருந்தா. அவிழ்க்கத்தான் பிடித்தா, அத்தான். நான் கண்ணால் கண்டேன். திறவுங்கோ என்று நீங்கள் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அவிழ்த்துத் தந்திருப்பா.

நீங்கள் சொன்னது, "உதயா, நீர் அம்மா சொல்லுறபடி செய்யும்."

மாமி முடிச்சை இன்னும் இறுக்கினா. பிறகு நீங்கள் வெங்காய விலை கேட்டீர்கள். நான் கிணற்றடிக்குப் போய், வாளியை உள்ளே விட்டுவிட்டு இழுக்காமல் நின்றேன்.

மாமி என்ன சொல்லுவா என்று காத்திருக்கிறீர்கள். மாமி நீங்கள் என்ன சொல்லுவீர்கள் என்று காத்திருக்கிறா. இடையில் நிற்கிற எனக்கு எந்தப் பக்கத்தால் இறங்குவது என்று எழுதுங்கள்.

உதயா


லண்டன்,
30.04.2025

அன்பின் உதயா,

உமது கடிதத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அம்மா பேசாமல் இருந்தா என்று நீர் எழுதியிருக்கிறீர். எனக்கு இங்கே கேட்டதும் அந்தப் பேசாமைதான். சின்ன வயதிலிருந்தே அவ பேசாமல் இருந்தால் எனக்குக் கை கால் ஓடாது. அவ அழுகிறா என்றே நினைத்தேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு பழைய ரயிலில் நடந்ததையும் எழுதுகிறேன். நல்ல சனம். குழந்தைகள், கமராக்காரர், தொப்பி போட்ட கிழவர்கள். எல்லாக் கதவும் பூட்டியாயிற்று. வெளிச்சம் எரிந்துவிட்டது. பெருவிரலை மணியில் வைத்தேன், அழுத்த வரவில்லை. உதயா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆராவது எங்காவது மாட்டிக்கொண்டு நிற்கிறார்களோ என்று திரும்பத் திரும்ப மேடையையே பார்த்தேன். ஒருவரும் இல்லை. உள்ளே இருந்த சனம் கதைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கிற்று. முன்னுக்கு இருந்த சாரதி இறங்கி நடந்து வந்து என்ன விஷயம் என்று கேட்டார். கடைசியில் வேறொருவர் வந்து என்னை விலக்கிவிட்டு அந்த மணியை அடித்தார்.

எனக்கும் பயம் என்பதைத் தவிர வேறென்ன எழுதுவது? நீர் மாங்குளம் போய்விட்டால் அம்மா என்னைக் கூப்பிடுவா. நான் இதையெல்லாம் விட்டுவிட்டு வர வேண்டும், இல்லை வரமாட்டேன் என்று வாயால் சொல்ல வேண்டும். இரண்டும் என்னால் முடியாது. நீர் அந்த வீட்டில் இருக்கும்வரை எனக்கு இரண்டும் தேவையில்லை. அடுத்த வருஷம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளும். உம்மைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அன்புடன்
ஜெயசுதன்


மாங்குளம்,
18.05.2025

ஜெயசுதன் அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கடிதம் நான் வேலையில் சேர்ந்த பிறகுதான் வந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனபோது நிரோஜா தந்தாள். அதிலே எனக்குப் பிடித்த ஒரு வரி இருக்கிறது. நான் அந்த வீட்டில் இருக்கும்வரை உங்களுக்கு இரண்டும் தேவையில்லை என்ற வரி. கலியாணமாகி நாலு வருடத்தில் நீங்கள் எனக்குச் சொன்ன முதல் உண்மை அதுதான். விசா அலுவல் நடக்கிறது என்றீர்கள். என் கடவுச்சீட்டின் பிரதியைக்கூட நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் வெளிக்கிட்ட கதையைச் சொல்கிறேன். காலையில் குளித்து, பையை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போய் நின்றேன். திறப்பைக் கேட்கவில்லை. மாமி படியில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் கேட்பேன் என்று அவவும், கேட்கக்கூடாது என்று நானும். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ரயிலுக்கு இனி நடந்தால்தான் சரி என்று வந்தபோது சொன்னேன்: "மாமி, நான் போறன்."

அவவுக்குத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது. எங்கள் ஊரில் செத்த வீட்டைத் தவிர வேறெங்கே ஒருவர் அப்படிச் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுவார்? எழும்பி வந்துவிட்டா.

"உதென்ன கதை பிள்ளை? போறன் எண்டு சொல்லாதை, போட்டு வாறன் எண்டு சொல்லு."

"திரும்பி வாறதுக்கு முதல்ல வெளியிலை போகவேணுமே மாமி. பூட்டின கேற்றுக்கை நிண்டுகொண்டு எப்பிடிப் போட்டு வாறது?"

அவ அழுதா. இத்தனை நாளும் பூட்டியது என்னை அல்ல என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நானும் போய்விட்டால், உங்களைப் போலவே போனில் மட்டும் வருவேன் என்று பயந்திருக்கிறா. பாவம், அதை உங்களிடமும் சொல்ல முடியாது, என்னிடமும் சொல்ல முடியாது. மகன் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டா. முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தா. அவவே திறந்தா. நீங்களும் சொல்லவில்லை, வேறொருவரும் சொல்லவில்லை.

தெருவில் காலை வைத்த பிறகு சொன்னேன், "மாமி, போட்டு வாறன்." சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்தேன். இந்த வெள்ளியும் போய்விட்டு இன்று காலை ரயிலில்தான் திரும்பினேன். பெட்டி வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நம் ஊர் ரயிலின் கதவை ஆர்தான் பூட்டுகிறார்கள்? காற்றுக்குக் கண்ணீர் வந்தது, காற்றுக்குத்தான். வீட்டுக் கேற்று இப்போது வெறுமனே சாத்தியிருக்கிறது. ஆடு ஒரு தரம் வந்து மிச்சச் செவ்வரத்தையையும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. மாமி சிரித்துக்கொண்டுதான் சொன்னா.

இதில் எழுதப்போவதை நேற்றே மாமிக்கு முழுவதும் சொல்லிவிட்டேன். அவ உங்கள் தாய், நான் அவவை விடமாட்டேன். அது உங்களுக்காக அல்ல. எனக்காக இனி எந்த விசா விண்ணப்பமும் எழுத வேண்டாம். உங்களிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, ஆகையால் நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கையை எடுத்துவிட்டு ஆறுதலாக இருங்கள்.

திரும்பி வருகிற இடத்தில்தான் போட்டு வாறன் என்று சொல்வார்கள். அது மாமிக்குச் சொன்னது.

நான் போறன்.

உதயகலா